மூன்று படியும் ஒரு மலையும்



போன வாரம் பேத்தி போன் பண்ணினாள். "அம்மாச்சி, சாய்தளத்துக்கு ரெண்டு உதாரணம் சொல்லுங்க, நாளைக்கு டெஸ்ட்" என்றாள். லாரியில் பீப்பாய் ஏற்றப் போடும் பலகை, பார்க்கில் இருக்கும் சறுக்குமரம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. தேவதானப்பட்டியில் பிறந்து, வாசலைத் திறந்தால் மலை முகத்தில் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு, 35 வருடம் பாடம் நடத்தியவள், புத்தகத்தில் இருக்கிற சறுக்குமரத்தைச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாக இருக்கும். மணி அடித்தாலும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் ஊரிலிருந்து வத்தலக்குண்டு போகிற வழியில் காட்ரோடு பிரிவு இருக்கிறதே, கொடைக்கானல் பஸ் எல்லாம் அங்கேதான் மலைக்குத் திரும்பும். அந்தச் சாலைக்கு லாஸ் காட் என்று பெயர். மேஜர் லா என்ற பொறியாளர் பெயரால் வந்தது. 1914-ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் கொடைக்கானல் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1821-ல் வார்டு என்ற ஆங்கிலேய லெப்டினென்ட் நில அளவைக்காகப் பழனி மலையில் ஏறினார். அவர் தங்கி வேலை பார்த்த இடம் வெள்ளகவி. பெரியகுளத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் அதே வெள்ளகவிதான். 1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிமார் சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்பி, மேலே இரண்டு பங்களா கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1875-ல் ரயில் வந்து அம்மையநாயக்கனூரில் கொடைரோடு ஸ்டேஷன் வந்தது. ரயிலை விட்டு இறங்கியவர்கள் மாட்டுவண்டி பிடித்து, ராத்திரி முழுக்க நம் பக்கம் வழியாகவே குலுங்கிக் குலுங்கிப் போய், பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இறங்குவார்கள். அங்கிருந்து மேலே வண்டி போகாது. நடை, குதிரை, அல்லது ஆள் தூக்கும் நாற்காலியும் டோலியும். அந்தப் பாதைக்குக் கூலிகாட் என்றே பெயர். யார் காலில் அந்த மலை ஏறியது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஓடிவிடாதீர்கள்.

பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,800 மீட்டர். கூலிகாட் பாதை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அதாவது பத்தடி நடந்தால் ஓரடி ஏற்றம். லாஸ் காட் மலைச்சாலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 28 அடி போனால்தான் ஓரடி ஏற்றம். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், 1,000 கிலோ வண்டியைக் கூலிகாட்டின் சரிவில் நிறுத்தி இழுக்க 100 கிலோவைத் தூக்குகிற பலம் வேண்டும். லாஸ் காட்டில் 36 கிலோவைத் தூக்குகிற பலம் போதும். ஆனால் இழுக்க வேண்டிய தூரம் மூன்று மடங்கு. மலை ஒன்றும் தள்ளுபடி தரவில்லை, தவணைக்கு விட்டிருக்கிறது. மொத்த வேலை அதேதான். ஒரே நாளில் கட்ட முடியாத கடனை மாதாமாதம் கட்டுகிற மாதிரி. இத்தனை கொண்டை ஊசி வளைவு எதற்கு, நேராகப் போட்டால் சீக்கிரம் போகலாமே என்று டூரிலே ஒருத்தன் கேட்டான். (இப்போது துபாயில் இருக்கிறான், இதைப் படிப்பான்.) வளைவு இல்லாவிட்டால் பஸ் ஏறாதுடா, நாம் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதுதான் என்றேன்.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் மனிதன் பயன்படுத்திய மிகப் பழைய கருவிகளில் ஒன்றான இந்தச் சரிவை, ரொம்ப காலம் யாரும் இயந்திரம் என்று சேர்க்கவே இல்லை. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த ஹீரோன் ஐந்து எளிய இயந்திரங்களைச் சொன்னார். கயிறு சுற்றும் உருளை, நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு. சாய்தளம் அதில் இல்லை. ஆப்பும் சாய்தளம்தான், திருகும் ஒரு கம்பியில் சுற்றிய சாய்தளம்தான், ஆனாலும் சும்மா கிடக்கிற சரிவு பட்டியலில் வரவில்லை. அசையாமல் கிடப்பதை இயந்திரம் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பார்கள்போல. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கிற பெரியவர்கள் மாதிரி.

1586-ல்தான் சைமன் ஸ்டெவின் இதற்கு ஓர் அழகான விளக்கம் சொன்னார். ஒரு பக்கம் நீளமான சரிவு, இன்னொரு பக்கம் அதில் பாதி நீளமுள்ள செங்குத்தான சரிவு. இரண்டும் உச்சியில் சேர்கின்றன. அதன்மேல் ஒரே எடையுள்ள 14 மணிகள் கோத்த மாலையைப் போடுகிறோம். நீளச் சரிவில் 4 மணி, குட்டைச் சரிவில் 2 மணி, மிச்சம் 8 கீழே தொங்குகிறது. மாலை தானாகச் சுற்றிக்கொண்டே இருக்குமா? இருக்காது. தொங்குகிற எட்டும் இரு பக்கமும் சமமாக இழுக்கின்றன. அதை வெட்டிவிட்டாலும் மேலே இருப்பது நகராது. அப்படியானால் நீளச் சரிவில் இருக்கும் 4 மணியைச் செங்குத்துச் சரிவில் இருக்கும் 2 மணி தாங்கி நிற்கிறது. ஒரு சூத்திரம் இல்லை, ஒரு மாலைதான். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு இதைச் சொல்லித் தந்திருந்தால் எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

தஞ்சைப் பெரிய கோவிலின் உச்சிக்கு சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டிக் கல்லை ஏற்றினார்கள் என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது செவிவழிச் செய்தி. உச்சியில் இருப்பது ஒரே கல்லா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எனக்கு அதைவிடக் கமலைக் கிணறு பெரிய அதிசயம். கமலை பார்த்தவர்கள் நம்மில் குறைந்துவிட்டார்கள். கிணற்றங்கரையிலிருந்து மாடு நடக்கிற தடம் வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கும். தண்ணீர் நிறைந்த கூனை மேலே வரும்போது மாடு சரிவில் கீழே இறங்கும். அதன் உடம்பு எடையே பாதி வேலையைச் செய்துவிடும். கூனை காலியாகிக் கிணற்றுக்குள் இறங்கும்போது மாடு பின்னால் ஏறி வரும். பாரம் இருக்கும்போது இறக்கம், பாரம் இல்லாதபோது ஏற்றம். இதை யோசித்தவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான்?

என் அப்பாவின் அப்பா கூலிகாட்டில் டோலி தூக்கியவர். 1914-க்கு முன்னால், மீசை முளைக்கிற வயசில். மூங்கிலணைக் காமாட்சி கதவைக் கும்பிட்டுவிட்டுத் தோப்புக்கு நடந்து போவாராம். நான் பள்ளிக்கூடம் போகிற வயசில் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார். அவர் தோளில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு இருக்கும். தொட்டுப் பார்ப்பேன், கல் மாதிரி இருக்கும்.

"ஆத்தா, ஏத்தத்துல குட்டையன் முன்னால போகணும், நெட்டையன் பின்னால வரணும். எறக்கத்துல மாத்திக்கணும். உக்காந்திருக்கிற ஆளு மலையில போறோம்னே நெனைக்கக் கூடாது, திண்ணையில உக்காந்திருக்கிற மாதிரி இருக்கணும்" என்பார். அப்போது எனக்கு அது வெறும் கதை. சரிவில் போகிறபோது சமதளத்தைத் தோளில் உண்டாக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. சாலை வந்ததும் அந்தக் கூலியும் போயிற்று. தாத்தா அதற்காக வருத்தப்பட்டதாக நினைவில்லை. "தோள் தப்பிச்சுது" என்பார்.

தாத்தா தோள் தப்பியது, வெள்ளகவிக்காரர்கள் தோள் தப்பவில்லை. கர்ப்பிணியையும் கிழவியையும் டோலி கட்டித் தூக்கி வருகிற படம் எத்தனை வருடமாகச் செய்தித்தாளில் வந்துகொண்டிருக்கிறது! 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது, பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஆம்புலன்சுக்கு நாலு சக்கரம். அது சாலை முடிகிற இடம் வரைதான் வரும். 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கினார்களே, 23 உயிர் போயிற்றே, அப்போதும் முதலில் மேலே ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். கம்பிலும் போர்வையிலும் கட்டி, இருட்டில் சரிவில் இறக்கினார்கள். ஹெலிகாப்டர் எல்லாம் பிறகு வந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இதை எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்றான்.

1991. மலையடிவாரத்தில் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மத்தியான இடைவேளையில் புளியமரத்திலிருந்து விழுந்துவிட்டான். மல்லாக்க விழுந்தான். நினைவு இருந்தது. "காலு மரத்துப் போச்சு டீச்சர்" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குள் தெரு ஜனம் ஓடி வந்துவிட்டது. ஒருவர் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்தார், இன்னொருவர் காலைப் பிடித்தார், சாக்கைத் தூக்குகிற மாதிரி இடுப்பு தொங்கத் தூக்கினார்கள். டிவிஎஸ் 50-ல் ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, நடுவில் அவனை நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் எனக்கு முதலுதவி ஒரு பாடம். முக்கோணக் கட்டு போட்டுக் காட்டி மார்க் வாங்கியவள் நான். ஜெர்மன் ராணுவ மருத்துவர் எஸ்மார்க் பரப்பிய கட்டு அது. இங்கிலாந்தில் 1877-ல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் ஆரம்பித்து, மறு வருடமே சாதாரண ஜனத்துக்கு முதலுதவி வகுப்பு எடுத்தார் ஷெப்பர்டு என்ற ராணுவ மருத்துவர். அடுத்த வருடம் ஆப்பிரிக்காவில் போரில் செத்துப்போனார். அவர் எழுதிய பாடம் அதன் பிறகுதான் புத்தகமாக வந்தது. இவ்வளவும் எதற்காக? மருத்துவர் வருகிற வரைக்கும் பக்கத்தில் நிற்கிற ஒருவருக்காவது என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. அன்றைக்குப் பக்கத்தில் நின்றது நான். முதுகெலும்பில் அடி என்று சந்தேகம் வந்தால் அசைக்கக் கூடாது, தலை கழுத்து இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் விறைப்பான பலகையில் வைத்துத் தூக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் வகுப்பறையில் பெஞ்சுப் பலகை கிடந்தது. நான் வாய் திறக்கவில்லை. ஊர்ப் பெரிய ஆட்கள் தூக்கும்போது ஒரு பொம்பளை டீச்சர் "நிறுத்துங்க" என்று சொல்வதா என்று நின்றுவிட்டேன்.

இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு திரும்பவில்லை. விழுந்ததிலேயே போனதா, தூக்கியதில் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

அவன் ஒன்றரை வருடம் கழித்துப் பள்ளிக்கு வந்தான். வகுப்பறை வாசலில் மூன்று படி. தினமும் நாலு பையன்கள் அவனைத் தூக்கி ஏற்றுவார்கள், தூக்கி இறக்குவார்கள். இடைவேளைக்கு ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை. பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டான். ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த வருடம் அதே வகுப்பறையில் நான் சாய்தளம் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் முக்கோணம் போட்டு, அதன்மேல் பீப்பாய் வரைந்து, அம்புக்குறி போட்டு. வாசலில் இருந்த மூன்று படிக்கு ஒரு பலகை சாய்த்துப் போட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, தலைமையாசிரியருக்கும் தோன்றவில்லை. முழு ஆண்டுத் தேர்வுக்கு அவன் வரவில்லை. தூக்குகிறவர்களுக்குச் சிரமம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

1995-ல் மாற்றுத்திறனாளிகளுக்கு முதல் சட்டம் வந்தது. 2001-ல் சர்வ சிக்ஷா அபியான் வந்த பிறகு பள்ளிகளில் சாய்தளம் கட்டினார்கள். 2016-ல் இன்னும் பலமான சட்டம். அந்தப் பள்ளியிலும் ஒரு சாய்தளம் இருக்கிறது. அவன் படித்தபோது இல்லாதது இப்போது இருக்கிறதே என்று எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. போன தேர்தலில் அதுவும் போயிற்று. அவனுக்கு ஓட்டு அந்தப் பள்ளியில்தான். சக்கர நாற்காலியில் போயிருக்கிறான். சாய்தளத்தில் ஏற முடியவில்லை. இரண்டு பேர் பின்னால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்களாம். இறங்கும்போது நாற்காலி ஓடிவிடும் என்று பின்பக்கமாகத் திருப்பி இறக்கினார்களாம். தையல்காரன் அவன், சட்டைப்பையில் எப்போதும் டேப் இருக்கும். அளந்துவிட்டு எனக்குப் போன் பண்ணினான்.

"டீச்சர், ஒசரம் 45 சென்டிமீட்டர். நீளம் ஒன்னேமுக்கால் மீட்டர் சொச்சம். நாலுக்கு ஒன்னு. கூலிகாட்டவிட மோசம் டீச்சர்."

தாத்தா கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் வைத்திருக்கிறான். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு விதி பன்னிரண்டுக்கு ஒன்று. 45 சென்டிமீட்டர் ஏற 5.4 மீட்டர் வேண்டும். கட்டினவர்கள் இடத்தைப் பார்த்தார்களே தவிர ஆளைப் பார்க்கவில்லை. சாய்தளம் என்று பதிவேட்டில் எழுதியாகிவிட்டது, முடிந்தது.

முதலுதவி பற்றி ஆரம்பித்துவிட்டேன், இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் தப்பாகச் செய்கிறோம். மாரடைத்து மூச்சு நின்றவரைக் கயிற்றுக் கட்டிலிலோ மெத்தையிலோ வைத்து நெஞ்சை அழுத்தாதீர்கள். நீங்கள் அழுத்துவதைக் கட்டில் வாங்கிக்கொள்ளும், இருதயத்துக்குப் போகாது. தரையில் இறக்குங்கள். கெட்டியான சமதளம். நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 1960-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மூன்று பேர், நெஞ்சைத் திறக்காமலே கையால் அழுத்தி இருதயத்தை ஓட வைக்கலாம் என்று எழுதினார்கள். வேறு கருவியே வேண்டாம், கை இருந்தால் போதும். கூடவே தரையும் வேண்டும் என்று நான் சேர்த்துச் சொல்வேன். ஒருத்தர் அழுத்தும்போதே இன்னொருத்தர் 108-க்குக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று, மயங்கி விழுந்தவருக்குத் தலையைக் கீழே சரிப்பது. ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் அடிவயிற்று அறுவைக்காக மேசையைச் சாய்த்தார். முதல் உலகப் போரில் வால்டர் கேனன் என்ற அமெரிக்க மருத்துவர் அதிர்ச்சியில் கிடந்த சிப்பாய்களுக்கும் அதே சரிவு நல்லது என்றார். பிறகு தானே அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள் மாற்றிக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது சொல்வது, உடம்பைச் சமமாகப் படுக்க வைத்து, அடி எதுவும் இல்லை என்றால் காலை மட்டும் ஓரடி உயர்த்தலாம். மூச்சு வாங்குகிறவரைப் படுக்க வைக்கவே வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வையுங்கள். மரத்திலிருந்தும் வண்டியிலிருந்தும் விழுந்தவரை, தீயோ வெள்ளமோ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால், ஆம்புலன்ஸ் வருகிற வரை அசைக்காதீர்கள். யார் தூக்க வந்தாலும் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் அந்தப் பள்ளிக்குப் போய் மறுபடி அளந்தோம். படிக்கு நேர் எதிரே நாலு மீட்டரில் கொடிக்கம்பம். நேராக 5.4 மீட்டர் போக இடமில்லை. நான் கொடிக்கம்பத்தை நகர்த்த வேண்டியதுதான் என்றேன். அவன் சிரித்தான். "எதுக்கு டீச்சர்? சுவரை ஒட்டி 2.7 மீட்டர் ஏத்தி, அங்கன ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு, நாற்காலியைத் திருப்பிக்கிட்டு மறுபடி 2.7 மீட்டர். கொண்டை ஊசி வளைவு மாதிரி" என்றான். அளவோடு ஒரு காகிதத்தில் வரைந்தும் கொடுத்துவிட்டான். தையல்காரன் வரைந்த கோடு, கொஞ்சமும் பிசகில்லை.

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டோம், சரி என்றார். வருகிற கிராமசபையில் மனு வைக்கப் போகிறோம். அது எப்போது நடக்கும் என்று தெரியாததால், நன்கொடையிலேயே ஆரம்பிக்கலாம் என்று அவன் சொல்கிறான். உங்களில் கொத்தனார் வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர், சிவில் படித்தவர்கள் இரண்டு பேர் இருப்பது எனக்குத் தெரியும். மதிப்பீடு போட்டுத் தர ஓர் ஆள் வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வேண்டும், தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது. 1992-93-ல் அவனைத் தூக்கி ஏற்றின அந்த நாலு பேரில் மூன்று பேர் இந்தப் பதிவைப் படிப்பார்கள். நாலாவது ஆள் திருப்பூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே கமெண்டில் போட வேண்டாம்.